துரை காரின் மஞ்சள் விளக்குகள்

எழுபதுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, பீர்மேட்டுக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் அப்பா துரைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. வெள்ளைக்காரர்கள் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. இவர் கோட்டயத்துப் பக்கத்து மலையாளி. ஆனால் மேனேஜர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் எங்கள் ஆட்களுக்கு அவர் துரைதான், அவர் மனைவி துரைசானிதான். அப்பா டிரைவர் என்பதால் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து ஒற்றை அறையில் நெருக்கியடிக்காமல், பங்களாவுக்குக் கீழே கார் ஷெட்டை ஒட்டி எங்களுக்குத் தனியாக ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். இரண்டு அறை, ஓர் அடுப்படி. டிரைவர் வேலை போனால் வீடும் போகும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் வீட்டில் யாரும் அதைப் பேசிக்கொண்டதில்லை.

கார் ஒரு கறுப்பு அம்பாசிடர். முன் பம்பருக்குக் கீழே இரண்டு மஞ்சள் விளக்குகள் வைத்திருந்தது. எங்கள் மலையில் ஆனி பிறந்துவிட்டால் மஞ்சு இறங்கும். மூடுபனியை மலையாளத்துக்காரர்களைப் பார்த்து நாங்களும் மஞ்சு என்றுதான் சொல்வோம். சில நாள் பிற்பகல் மூன்று மணிக்கே ரோடு காணாமல் போகும். அந்த நேரத்தில் காரின் பெரிய விளக்கைப் போட்டால் வெளிச்சம் மஞ்சில் பட்டுத் திரும்பிக் கண்ணில் அடிக்குமே தவிர வழி தெரியாது. மஞ்சள் விளக்கு தாழ்வாக இருந்து, மஞ்சுக்கு அடியில் நுழைந்து, ரோட்டை மட்டும் காட்டும். அதற்கு அது சரியான அளவில் குனிந்திருக்க வேண்டும். இரண்டு விரல் நிமிர்ந்துவிட்டாலும் அது இருந்து பயனில்லை.

இதையெல்லாம் அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. வேலை செய்துகொண்டே தனக்குத்தானே முனகிக்கொள்வார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எஸ்டேட்டில் வண்டிகளைப் பழுது பார்க்க ஒர்க்‌ஷாப் இருந்தது, மேஸ்திரி இருந்தார். ஆனால் மஞ்சள் விளக்கை மட்டும் அப்பா ஒர்க்‌ஷாப்புக்கு விடமாட்டார். மேஸ்திரி விளக்கை மேலே தூக்கி வைத்துவிடுகிறான் என்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு விளக்கு இரண்டையும் கழற்றி, அடுப்படி வாசலில் சாக்கை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

கண்ணாடிக்கும் விளிம்புக்கும் நடுவே இருக்கும் ரப்பர் வளையம் எங்கள் ஊர் மழைக்கு ஆறு மாதம்கூடத் தாங்காது. உள்ளே ஈரம் புகுந்து கண்ணாடி வியர்த்திருக்கும். அப்பா அதைத் துடைத்து அடுப்புச் சூட்டில் காட்டி உலர்த்துவார். உள்ளிருக்கும் வெள்ளித் தகட்டை மட்டும் விரலால் தொடக் கூடாது, தொட்டால் கறுத்துப்போகும். பழைய வேட்டித் துணியை ஊதித் தூசு நீக்கி, அதைக்கொண்டு ஒற்றி எடுப்பார். பல்பையும் துணியால்தான் பிடிப்பார். பிறகு காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, வயரின் முனை இரும்பில் சேரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவார். அந்த இடம் துருப்பிடித்தால் வெளிச்சம் மங்கிவிடுமாம். வாரம் தவறாமல் தேய்த்ததில் அங்கே துருப்பிடிக்க நேரமே கிடைத்திருக்காது. ஆனாலும் ஒவ்வொரு வாரமும், "வெளிச்சம் பத்தல, பத்தல" என்று சொல்லிக்கொண்டேதான் தேய்த்தார்.

பொழுது சாயும் நேரத்தில் விளக்கைச் சரியான குனிவில் நிறுத்தும் வேலை. அதுதான் என் வேலை. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரஷ் கட்டடத்தின் வெள்ளைச் சுவருக்கு எதிரே, சமதரையில், இருபத்தைந்து அடி தள்ளிக் காரை நிறுத்துவார். பின்சீட்டில் அண்ணனையும் கிளார்க் வீட்டுப் பையன்கள் இரண்டு பேரையும் ஏற்றி உட்கார வைப்பார். துரையும் துரைசானியும் பின்னால் உட்கார்ந்தால் வண்டியின் வால் தாழ்ந்து மூக்கு தூக்கும். விளக்கும் கூடவே தூக்கும். அதனால் அந்தக் கனத்தோடுதான் நிறுத்த வேண்டும். மூன்று பையன்கள் சேர்ந்தும் துரைசானி ஒருத்திக்கு ஈடாக மாட்டார்கள் என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்லுவாள்.

தரையிலிருந்து விளக்கின் நடுப்பகுதி எவ்வளவு உயரமோ அந்த உயரத்தை ஒரு குச்சியில் அளந்து, அதே உயரத்தில் நான் சுவரில் கரியால் நீளமாக ஒரு கோடு போடுவேன். விளக்கைப் போட்டால் சுவரில் மஞ்சளாக ஒரு பட்டை விழும். பட்டையின் மேல் விளிம்பு கோட்டுக்கு நாலு விரல் கீழே நிற்க வேண்டும். ஒரு விளக்கைச் சாக்கால் மூடிவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டும், பிறகு மாற்றி. அப்பா காருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஸ்பேனரால் நட்டைத் தளர்த்துவார்.

"ஏட்டி, வெளிச்சம் எங்க நிக்கி?"

"கோட்டுக்கு மேல நிக்கிப்பா."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம். போதும். போதும்பா."

அண்ணன் என்னைவிட மூன்று வயது பெரியவன். சுவரில் நிற்கும் வேலை அவனுக்கு ஏன் தரப்படவில்லை என்று அவனுக்குக் கோபம் உண்டு. எனக்குக் கண் கூர்மை என்று அப்பா சொன்னார். நானும் நம்பினேன். பள்ளியில்கூட என் கண்ணைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணன் வாயில் எதுவும் தங்காது, நான் கேள்வி கேட்காதவள் என்பதெல்லாம் கணக்கில் வரும் என்று எனக்குத் தெரியாது.

அந்தக் காலத்தில் எனக்குப் புரியாத இன்னொன்று ஆட்டு ஈரல். வாரம் ஒருமுறை அம்மா ஈரல் வாங்கி, மிளகு போட்டு வறுத்து, அப்பா தட்டில் மட்டும் வைப்பாள். நாங்கள் சட்டியைத் துடைத்துச் சாப்பிடலாம். எங்கள் குளிருக்கு முருங்கை வராது; கம்பத்திலிருந்து குமுளிச் சந்தைக்கு வரும் கீரையைப் பஸ்காரரிடம் சொல்லி வரவழைப்பாள். அதுவும் அப்பாவுக்குத்தான். அண்ணன் ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டதற்கு, "வண்டி ஓட்டுதவிய திங்கட்டும்லே" என்பதோடு முடித்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு எஸ்டேட்டில் நல்ல பெயர். நிதானமான டிரைவர் என்பார்கள். சாயங்காலம் ஆகிவிட்டால் பத்து மைல் வேகத்துக்கு மேல் ஓட்டமாட்டார். முன்னால் ஒரு பஸ் போனால் அதை முந்தவே மாட்டார்; அதன் பின்பக்கச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு பொறுமையாகப் பின்னாலேயே போவார். குழந்தை குட்டிக்காரர்கள் இப்படித்தான் ஓட்ட வேண்டும் என்று துரைசானியே சொன்னதாக அம்மாவிடம் யாரோ வந்து சொன்னார்கள். அம்மா அதற்குச் சந்தோஷப்பட்ட மாதிரி இல்லை.

அந்த ஆடியில் ஒரு வியாழக்கிழமை, கோட்டயத்துக்குப் போயிருந்த துரைசானியைக் கூட்டிவர அப்பா முண்டக்கயம் போக வேண்டியிருந்தது. முண்டக்கயம் வரைக்கும் துரைசானியின் தம்பி கொண்டுவந்து விடுவார். மலை ஏற்றம் மட்டும் அப்பாவின் பொறுப்பு. மூன்று மணிக்கு வந்துவிடுவார் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா என்ன நினைத்தாரோ, கிளம்புவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார்.

"உனக்குப் பல்லு வலிக்கி, என்ன?"

எனக்கு எந்தப் பல்லும் வலிக்கவில்லை. சொன்னேன்.

"வலிக்கிட்டி. முண்டக்கயம் ஆசுபத்திரில காட்டணும். தொரைகிட்ட நான் கேட்டுக்கிடுதேன். நீ கன்னத்தப் பிடிச்சிக்க, போதும்."

அம்மா கொழுந்து பறிக்கக் காட்டில் இருந்தாள். நோட்டு வாங்கப் போகிறோம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். துரையின் முன்னால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எதையோ படித்துக்கொண்டே தலையை ஆட்டினார். துரையின் காரில், முன்சீட்டில், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மலை இறங்கியது அதுதான் முதல் தடவை. முண்டக்கயத்தில் ஆசுபத்திரிப் பக்கம்கூடப் போகவில்லை. பரிப்புவடையும் டீயும் வாங்கிக் கொடுத்தார். பிறகு மணிக்கூண்டைப் பார்க்கிற மாதிரி வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று மணிக்கு வரவேண்டியவர் ஐந்தரைக்கு வந்தார். வழியில் டயர் பஞ்சராகிவிட்டதாம். பெட்டிகளை ஏற்றி, துரைசானி பின்னால் உட்காருவதற்கு முன், அப்பா என் காதருகில் குனிந்தார்.

"ஒரு வெளையாட்டு. உன் கைய என் முட்டி மேல வச்சிக்க. ரோட்டோட ஓரத்தையே பாரு. வண்டி இடப்பக்கம் போகணும்னா ஒரு அமுக்கு. வலப்பக்கம்னா ரெண்டு அமுக்கு. நிக்கணும்னா கிள்ளிரு. வாயத் தொறக்கப்படாது. தொரைசானி அம்மா பின்னால இருப்பாவ, பல்லுவலிக்காரி பேசுனா நல்லாருக்காது."

எனக்கு விளையாட்டு பிடித்திருந்தது. பாதி மலை ஏறுவதற்குள் மஞ்சு இறங்கிவிட்டது. அப்பா மஞ்சள் விளக்கைப் போட்டார். நான் சுவரில் கோடு போட்டு நிறுத்திய வெளிச்சம் ரோட்டில் விரிந்து கிடந்தது. ஓரத்துப் புல், வெள்ளை அடித்த கற்கள், ஓடையில் ஓடும் தண்ணீர் எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. அமுக்கினேன். இரண்டு முறை அமுக்கினேன். நான் அமுக்கினால் துரையின் கார் திரும்பியது. இப்படி ஒரு அதிகாரம் எனக்கு அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைக்கவில்லை. அப்பாவின் முட்டி மட்டும் கல் மாதிரி இறுகியிருந்தது. அவ்வளவு குளிரிலும் காலில் வேர்வை.

அருவி விழும் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் துரைசானி பின்னாலிருந்து பேசினார். நல்ல மனுஷி. வழி நெடுக என் பல்லைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

"மோளே, இங்க திரும்பு. வாயத் தொற, எந்தப் பல்லுன்னு நான் பாக்கட்டும்."

துரைசானி சொல்லித் திரும்பாமல் இருக்க முடியாது. திரும்பினேன். வாயைத் திறந்தேன். எந்தப் பல் என்று இன்னும் முடிவு செய்யவில்லையே என்ற ஒரே கவலைதான் எனக்கு. துரைசானி என் மோவாயைப் பிடித்து உள்ளே பார்த்தார். கை முட்டியில்தான் இருந்தது. கண் ரோட்டில் இல்லை.

முதலில் சத்தம் கேட்டது, பிறகு நான் டேஷ்போர்டில் மோதினேன். வண்டி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தோம். ரோட்டோரத்து வெள்ளைக் கற்களில் ஒன்றைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் காரின் முன் சக்கரம் இருந்தது. கல் விழுந்த சத்தத்தை நான் கேட்கவில்லை. கீழே அவ்வளவு ஆழம், அல்லது அருவியின் இரைச்சல் அதை மறைத்திருக்கும். ஒருபக்க மட்கார்டு நசுங்கி, அந்தப் பக்கத்து மஞ்சள் விளக்கு நொறுங்கிக் கிடந்தது. துரைசானி மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் அடியில்லை. என் உதட்டில் மட்டும் இரத்தம். இப்போது உண்மையாகவே ஒரு பல் வலித்தது.

பின்னால் வந்த பஸ்ஸை நிறுத்தி, ஆட்கள் இறங்கி, காரைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். மிச்ச வழிக்கு அப்பா அந்த பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்.

மறுநாள் காலை துரை பங்களா வராந்தாவில் எங்களை நிறுத்திக் கேட்டார். அவர் பேசுவது பாதி தமிழ், பாதி மலையாளம்.

"இத்ர வருஷம் ஓட்டியதில் ஒரு கீறலும் இல்ல. இப்போ எந்தா ஆச்சு?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மஞ்ச லைட்டு நிமிர்ந்து போச்சிங்கய்யா. அதான் ரோடு தெரியல. இந்தப் பிள்ளதான் செவுத்துல கோடு போடும். தப்பாப் போட்ருச்சு."

கோடு சரியாக இருந்தது. நான்தான் அளந்தேன், இரண்டு முறை அளந்தேன். அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. துரை என்னைப் பார்த்தார்.

"ஆமாங்கய்யா," என்றேன். "நாந்தான்."

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து வயசுக் குட்டியை வைத்தா விளக்கு நிறுத்துகிறாய், இனிமேல் ஒர்க்‌ஷாப்பில் கொடு என்றார். அவ்வளவுதான். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். படியிறங்கி வரும்போது என் தலையில் கை வைத்தார். அந்தக் கை எனக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு பெரிய காரியம் செய்துவிட்டவளாக வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் அம்மா வந்ததும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பல்வலி, அமுக்கு, கிள்ளு, காணாமல் போன கல், வராந்தாவில் நான் ஏற்றுக்கொண்ட பழி, ஒன்றையும் விடவில்லை. அவள் பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை, பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் நேரத்துக்கு அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இடுப்பில் சாக்கு, முதுகில் கூடை, அப்படியே. ஆபீஸ் முன்னால் பறிக்கும் பெண்கள் வரிசையில் நின்றார்கள். துரை கணக்கப்பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளி அப்பா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா வரிசைக்குப் போகாமல் நேராகத் துரையின் முன்னால் போய் நின்றாள். கூடையைக்கூட இறக்கவில்லை.

"ஐயா, லைட்டுல குத்தம் ஒண்ணும் இல்ல. பிள்ள போட்ட கோடும் சரிதான். பொழுது சாஞ்சா அவியளுக்குக் கண்ணு தெரியாது. ரெண்டு வருசமாச்சு."



"நீ இது அறிஞ்சிருந்தோ?" என்று துரை கேட்டார்.

"தெரியும்யா. வீடு போயிருமேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். என் தப்புதான். வியாழக்கிழம இவள முன்னால ஒக்கார வச்சி, இவ கண்ணால ஓட்டிட்டு வந்துருக்காவ. உங்க வீட்டு அம்மா பின்னால இருந்துருக்காவ. இனிமே முடியாதுய்யா. வீடு போனாப் போகட்டும்."

எனக்கு உடம்பு எரிந்தது. "அம்மா பொய் சொல்லுதா," என்றேன். "நாந்தான் தப்பாப் போட்டேன். நாலு விரலுக்குப் பதிலா ரெண்டு விரல் வச்சிட்டேன்." இந்த நுணுக்கத்தைக் கேட்டால் துரை நம்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா துடைத்துக்கொண்டிருந்த துணியை நாலாக மடித்துக் காரின் மேல் வைத்தார். நடந்து வந்தார்.

"இவள் சொல்லுறது சரியாணோ?"

"சரிதாங்கய்யா," என்றார்.

துரை கோபப்பட்டிருந்தால் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும். அவர் சாவியைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னார். அடுத்த வாரம் கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார். அது மாலைக்கண், பரம்பரையாக வருகிற வகை, ஈரலுக்கும் கீரைக்கும் தீராது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் பகல் வேலை கிடைத்தது. மேஸ்திரியின் மருமகன் காருக்கு வந்தான். நாங்கள் லயத்துக்கு மாறினோம், ஒற்றை அறை, பொதுக் குழாய். அண்ணன் சிநேகிதர்கள் பக்கத்திலேயே கிடைத்ததில் சந்தோஷப்பட்டான். அந்தப் பெண்கள் வரிசையில் சிலர் அம்மாவை இப்படிச் செய்துவிட்டாளே என்றார்கள். சிலர் அவள் செய்ததுதான் சரி என்றார்கள். நான் முதல் கட்சி. பன்னிரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. பசித்தால் அண்ணன் மூலமாகச் சொல்லி அனுப்பினேன்.

இதெல்லாம் பிறகு நடந்தது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் இன்னும் பழைய வீட்டில்தான் இருந்தோம். அப்பா நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தார். அம்மாவும் வந்தாள். சண்டை வரும் என்று நான் கதவோரம் காத்திருந்தேன். வந்தால் அப்பா பக்கம் நிற்பதாக முடிவு செய்திருந்தேன். அப்பா கால் கழுவினார். "கஞ்சி இருக்கா?" என்று கேட்டார். அம்மா ஊற்றி வைத்தாள். குடித்தார். காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பாயை விரித்துப் படுத்தார். அம்மா கம்பளியை எடுத்து அவர் மேல் போட்டுவிட்டு, "சத்தம் போடாம இருங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டு விறகு எடுக்கப் போனாள்.

வெளியே மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. பங்களாவிலிருந்து கார் கிளம்பி வீட்டைத் தாண்டிக் கீழே போன சத்தம் கேட்டது. வேறு யாரோ ஓட்டினார்கள். அப்பா புரளக்கூட இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா படுத்து நான் பார்த்ததில்லை. அவர் தூங்கவில்லை, அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தூங்குவதுபோல் கிடக்கிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. மஞ்சு இறங்குகிற சாயங்காலத்தில் இனி வண்டி எடுக்க வேண்டியதில்லை என்று தெரிந்த ஒரு மனிதர் உண்மையிலேயே தூங்கிப்போகலாம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் காதில் மெதுவாகச் சொன்னேன். "எப்பா, அம்மா வெளிய போயிட்டா. எந்திரிங்க."

குறட்டை அதே சீரில் வந்துகொண்டிருந்தது. இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தேன். நான் கூப்பிட்டும் இமைகூட அசையாமல் இவ்வளவு நேரம் அவர் நடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.